பீடித் தட்டும் பெண்மையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெண்மை பற்றிப் பேசுவோர் எங்கள் நெல்லை வட்டாரத்துப் பீடித் தொழிலையும் சற்றுக் கவனிக்க வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பகுதிகளில் மடியில் சுளகை வைத்துக்கொண்டு, ஊறிய இலையை அளவாகக் கத்தரித்து, தூளிட்டுச் சுருட்டி, நூலால் கட்டுபவர்கள் பெரும்பாலும் பெண்களே. மெல்லிய விரல்களுக்கும் பொறுமைக்கும் ஏற்ற வேலை என்று இதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. ஆனால் வடகேரளத்துக் கண்ணூரில், ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, பட்டறைகளில் வரிசையாக அமர்ந்து இதே பீடியைச் சுற்றியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்; அங்கே அது சங்கமும் அரசியலும் வளர்த்த ஆண்களின் தொழிலாகவே அறியப்பட்டது.

நம்மூரில் வேலை திண்ணைக்கே வந்துவிட்டதால், சம்பாதிக்கும் பெண்ணும் வாசல் தாண்டாத அடக்கமானவளாகவே கருதப்பட்டாள். பெண் பார்க்க வருவோர் பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்கும் வழக்கமும் வந்தது. (மாப்பிள்ளைக்குச் சோறு வடிக்கத் தெரியுமா என்று கேட்டவரை நான் கண்டதில்லை.) வீட்டோடு நடப்பதால் அந்த உழைப்பு, சமையலுக்கு இடையில் செய்யும் கைவேலையாகச் சுருங்கிப்போனது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமோ வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளியாகவே ஏற்றது. வாங்கிய இலையையும் சுற்றிக் கொடுத்த பீடியையும் பதியும் கணக்குப் புத்தகம் தம் பெயரில் இருக்கிறதா என்பதைப் பீடி சுற்றும் பெண்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆலங்குளம்.