மார்பு கட்டியிருக்கும் மகளுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

"மார்பு கல்லாகிவிட்டது அம்மா, பிள்ளை வாய் வைக்க முடியாமல் அழுகிறது" என்று நேற்றிரவு நீ விம்மியதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் தொலைபேசியில் சொன்னதை அரைத்தூக்கத்தில் கேட்டாய், அது உனக்கு நினைவில் நிற்காது. மருமகன் இதை வாசித்துக் காட்டட்டும்.

பிள்ளை பிறந்த மூன்றாம், நான்காம் நாளில் இப்படிக் கட்டுவது வழமை. பால் ஊறும்போது மார்பில் இரத்தமும் நீரும் கூடச் சேரும். வீக்கம் முழுவதும் பால் இல்லை. உன்னைப் பெற்றபோது இது எனக்குத் தெரியாது. மணிக்கணக்கில் சுடச்சுட ஒத்தடம் கொடுத்தார்கள், வீக்கம் ஏறியது. வலி தாங்காமல் ஓர் இரவு உனக்குப் பால் தராமல் படுத்துவிட்டேன். விடியும்போது சட்டை பட்டாலே உயிர் போனது. நீ அப்படி விட்டுவிடாதே.

இரவு பகலாக 8 முதல் 12 தடவை கொடு. அழும்வரை காத்திராதே, தூங்கினால் எழுப்பு. பிள்ளைக்குப் பிடிபடாததன் காரணம், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் இறுகிக் காம்பு தட்டையாகிவிட்டது. காம்பின் அடியைச் சுற்றி விரல்களை வைத்து, நெஞ்சுப் பக்கமாக மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடி. கொஞ்சம் பாலைக் கையால் எடுத்தாலும் இளகும். பிறகு பிள்ளை வாயை அகலத் திறந்ததும் கருவட்டத்தோடு கொடு. விழுங்கும் சத்தம் கேட்கும்.

சூடு, கொடுப்பதற்குச் சற்று முன் இரண்டு மூன்று நிமிடம் மட்டும். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் நீ சிறுவயதில் பயப்படாமல் குளிப்பாயே, அந்த இளஞ்சூடு போதும். கொடுத்த பின் துணியில் சுற்றிய ஐஸ், 10 அல்லது 15 நிமிடம். பம்பினால் முற்றாக எடுக்காதே, எடுக்க எடுக்க ஊறும். இறுக்கம் தணியும் அளவே போதும். மார்பில் மல்லிகைப்பூ கட்டச் சொல்வார்கள். அது பாலை வற்றச் செய்யக் கட்டுவது, உனக்கு வேண்டாம். பால்சுறா வறை சமைத்துத் தர அருகில் இல்லையே என்று தவித்தேன். பால் கூடவென்று உண்பது அது, இப்போது அவசரமில்லை.

காய்ச்சல், நடுக்கம், ஓரிடத்தில் சிவந்து கன்றிய வலி கண்டால் அன்றே மருத்துவரிடம் போ. அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தாதே. இங்கே என்றால் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து பார்ப்பார். அங்கே யாரைக் கூப்பிடலாம் என்று மருமகன் இன்றே விசாரித்து வைக்கட்டும்.

நாளை அழைக்கும்போது, இரவில் எத்தனை தடவை கொடுத்தாய் என்று முதலில் சொல்.

உன் அம்மா