அப்பர் எங்கள் ஊர், ஷூ எந்த ஊர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் இந்தப் பகுதியில் வேலூர் வாசகர் ஒருவரின் கடிதம் படித்தேன். ஆம்பூரில் நம் பெண்கள் தைத்துக் கொடுக்கும் அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை, வாங்கிப் போய், இத்தாலியில் சோல் ஒட்டி, 'மேட் இன் இத்தாலி' என்று முத்திரை குத்துவது பகல் கொள்ளை என்று எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆம்பூரில் ஒரு அப்பர் கம்பெனியில் 26 வருஷம் ஏற்றுமதிக் காகிதம் பார்த்தவன் நான். சேர்ந்த புதிதில் எனக்கும் இதே கோபம் இருந்தது. ஆனால் பல நேரம் அது கொள்ளை இல்லை, சட்டமே அப்படித்தான்.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் என்றால் கேள்வியே கிடையாது. எந்த மண்ணில் காய்த்ததோ அந்த நாட்டுப் பொருள். ஆனால் தோல் அப்படி இல்லை. பிரேசிலில் மாடு வளர்கிறது. அதன் தோல் குரோமில் பதனிட்டு, நீலமாக, ஈரமாக வருவதைத்தான் வெட் ப்ளூ என்கிறோம். சுங்கத்தில் அதற்கு எண் 4104. ராணிப்பேட்டையிலோ பேரணாம்பட்டிலோ அதைச் சாயம் ஏற்றி ஃபினிஷ் செய்தால் 4107. வெட்டித் தைத்து அப்பர் ஆக்கினால் 6406. முழு ஷூ ஆனால் 6403. எல்லா நாட்டுக்கும் இந்த நான்கு இலக்கம் ஒன்றுதான். உள்ளே வந்த பொருளின் எண் ஒன்று, வெளியே போகும் பொருளின் எண் வேறு என்றால், கடைசியாக அப்படி மாற்றிய நாடுதான் அதன் பிறப்பிடம் என்பது ஒரு கணக்கு. விலையில் இத்தனை சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆசியான் நாடுகளோடு நமக்குள்ள ஒப்பந்தத்தில் 35 சதவீத மதிப்பும் வேண்டும், இந்த எண்ணையே இன்னும் இரண்டு இலக்கம் நீட்டிய ஆறு இலக்க எண்ணும் மாற வேண்டும்.

இனி இத்தாலிக்கு வருவோம். எண் மாறினால் போதும் என்று சொல்லும் ஐரோப்பிய விதி, ஷூவுக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. உள்சோலோடு சேர்த்துப் பூட்டிய அப்பரை வாங்கி, மேற்கொண்டு சோல் மட்டும் ஒட்டினால் அது ஐரோப்பியச் சரக்கு ஆகாது. அப்பர் தட்டையாக, அடி திறந்தபடி போயிருந்தால் கதை வேறு. அங்கே லாஸ்டில், அதாவது கால் அச்சில் ஏற்றி, இழுத்து, உள்சோல் பூட்டி, சோல் ஒட்டினால் அது இத்தாலி ஷூதான். எங்கள் கம்பெனியிலிருந்து போனதெல்லாம் தட்டை அப்பர். டப்பாவுக்கு இத்தனை ஜோடி என்று நானே எண்ணி அனுப்பியிருக்கிறேன். அப்புறம் இத்தாலியன் என்று எழுதினான் என்று யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அமெரிக்காவில் எண்ணை வைத்து மட்டும் தீர்ப்பதில்லை. பெயரோ தன்மையோ பயனோ மாறி, புதுப் பொருள் ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள். இந்தோனேசியாவில் செய்த அப்பரை வாங்கி அமெரிக்காவில் சோல் ஒட்டிய ஒரு வழக்கு 1982-ல் அவர்களின் வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனது. சோல் ஒன்றைத் தவிர ஷூவாகவே வந்திறங்கிய அப்பர் அது. அப்பர்தான் ஷூவின் உயிர், சோல் ஒட்டுவது சின்ன வேலை, ஆகவே இந்தோனேசியா என்றே போட வேண்டும் என்று தீர்ப்பு. இதைப் படித்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம் தையல் மேஜைக்கு ஒரு நீதிபதி மரியாதை கொடுத்த மாதிரி இருந்தது.

2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா நம் சரக்குக்குக் கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியபோது, எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஆளுக்கொரு யோசனை. வேறு நாட்டுக்கு அனுப்பி, லேபிள் மாற்றி, அங்கிருந்து ஏற்றினால் போதுமாம். போதாது. கப்பல் கிளம்பும் இடம் பிறப்பிடம் ஆகாது. டப்பா மாற்றுவதும் லேபிள் ஒட்டுவதும் பிறப்பிடத்தை மாற்றும் உற்பத்தி இல்லை. பிடிபட்டால் வரியும் கட்ட வேண்டும், அபராதமும் வரும். வாங்கிய கம்பெனி அடுத்த ஆர்டரும் தராது.

வாசகருக்கு நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான். லேபிளைப் பார்த்துக் கோபப்படுவதில் பயன் இல்லை. கேட்டால் காட்ட நம்மிடம் காகிதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு முறை எங்கள் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தி, இறக்குமதித் தோலை இங்கேதான் ஃபினிஷ் செய்தீர்களா, இங்கேதான் தைத்தீர்களா என்று ஆதாரம் கேட்டார்கள். தோல் பில் இருந்தது. வெட்டிய கணக்கு இருந்தது. தையல் மட்டும் பாதி வெளியில், பேரணாம்பட்டில் ஒரு பாயிடம் ஜாப் ஒர்க்குக்குப் போயிருந்தது. அந்த செலானின், அதாவது சரக்கு போய்வந்த சீட்டின், நகல் எங்களிடம் இல்லை. தப்பு எங்களுடையதுதான். பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். இரும்புப் பெட்டியைத் திறந்து, கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்தார். "இதுவா சார்? பழைய பேப்பர்காரனுக்குப் போட வச்சிருந்தேன்" என்றார்.

இப்போது நம் ஊர் இறக்குமதியாளருக்கும் இதே சோதனைதான். ஒப்பந்த நாட்டுச் சரக்கு என்று சலுகை கேட்டால், அது அங்கே எப்படி உருவானது என்ற விவரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்து வருஷம் பத்திரப்படுத்த வேண்டும் என்று 2020 செப்டம்பர் 21 முதல் விதி. எதிர்ப்பக்கமும் நம்மை அப்படித்தானே கேட்கும்? வீட்டில் நான்கு மிஷின் போட்டுத் தைப்பவர்கள் தேதி, ஜோடி எண்ணிக்கை, தோல் லாட் எண் மூன்றும் எழுதிய செலானை தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள்.

அன்று பாய் கொடுத்த செலானின் ஓரத்தில் அவர் வீட்டம்மா பால் கணக்கு எழுதியிருந்தார். அடிக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது. அப்படியே ஸ்கேன் எடுத்து அனுப்பினோம். சரக்கு விடுபட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஏற்றுமதி ஆவண எழுத்தர்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்