வாத்தியார் சம்பளத்துக்கும் பணம் கொடுங்கள்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக் குழுவினருக்கு,

வணக்கம். வியாசர்பாடியில் பிள்ளைகளுக்குப் பறையாட்டமும் ஒயிலாட்டமும் சொல்லிக்கொடுக்கும் ஒரு சிறிய அறக்கட்டளையிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் உங்களில் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. ஆண்டு விழாவின் மேடை, லைட், மைக், பேனருக்குப் பணம் உண்டாம். வாத்தியார் சம்பளமும் இட வாடகையும் நிர்வாகச் செலவாம், அதற்குக் கிடையாதாம். ஆறு வருடமாக வெவ்வேறு இடங்களில் இதே பதிலைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

வாடகை கட்ட முடியாமல் போன ஆடியில் கூடத்தைக் காலி செய்தோம். இப்போது ஒரு வீட்டு மொட்டை மாடியில் வகுப்பு. பள்ளி விட்டு நாலரைக்குப் பிள்ளைகள் வரும்போது தளம் கொதிக்கும். பெரிய பிள்ளைகள் கோணிச் சாக்கை நனைத்து விரிப்பார்கள். சாக்கு வழுக்கும் என்பதால் குதிக்கிற அடவுகளை விட்டுவிட்டு ஆடுகிறோம். கீழ்வீட்டில் நைட் ஷிப்டுக்குப் போகிறவர் தூங்குவார், அதனால் சலங்கை கட்டுவதில்லை. பறையைத் தீயில் காய்ச்ச வீட்டுக்காரர் விடுவதில்லை. காய்ச்சாத தோல் தொப்பென்றுதான் கேட்கும். எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். கொப்புளம். "வூட்ல சொல்லாதீங்க சார், அப்பறம் அனுப்ப மாட்டாங்க" என்றாள்.

இது நிர்வாகச் செலவா? லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்லும் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியக் கலைகளை வளர்ப்பதும் இருக்கிறது. விதிகளில் உள்ள 5 சதவீத வரம்பு, உங்கள் நிறுவனம் இந்த நிதியை நிர்வகிக்கும் செலவுக்கானது. ஒரு திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. எங்கள் திட்டமே வகுப்புதான். வாத்தியார் இல்லாமல் என்ன வகுப்பு? தொடங்கிய ஆண்டு போக, மேலும் மூன்று ஆண்டு ஒரு திட்டத்தைத் தொடரவும் அந்த விதிகளில் இடமிருக்கிறது.

காலமெல்லாம் கையேந்த நாங்கள் விரும்பவில்லை. பிள்ளைகளிடம் மாதம் 100 ரூபாய் வாங்குகிறோம். அதை உயர்த்தினால் முதலில் நின்றுபோவது பெண்பிள்ளைகள். டிக்கெட் போட்டும் பயனில்லை, சாவு வீட்டிலும் திருவிழாவிலும் பறை கேட்டு வளர்ந்த தெரு இது. தனியார் பள்ளிகளில் கட்டண வகுப்பு எடுத்து, அந்த வருமானத்தில் இங்கே நடத்தலாம் என்று யோசித்து வைத்திருக்கிறோம். ஆனால் வாத்தியார் ஆட்டோ ஓட்டித்தான் பிழைக்கிறார். சவாரி கிடைக்கிற நாளில் வகுப்பு இல்லை. அவருக்கு முழுநேரச் சம்பளம் கொடுத்தால்தான் பள்ளிகளுக்கு வாக்குக் கொடுக்க முடியும்.

2017இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாகச் சேர்த்தபோது நாங்களும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சென்னையில்தானே வியாசர்பாடியும் இருக்கிறது? விழா என்றால் எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்கள் பேனருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். மறுநாள் எங்கே ஆடுவார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. சொல் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேடைக்குத் தருவதாகச் சொன்ன தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. அதையே வாத்தியார் சம்பளமாகவும் வாடகையாகவும் மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துத் தாருங்கள். முடிவெடுக்கும் முன் தயவுசெய்து ஒருநாள் வந்து பாருங்கள். நாலரைக்கு வந்தால் பிள்ளைகள் சாக்கு நனைத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு பயிற்சி ஒருங்கிணைப்பாளர்