பழைய குற்றப் படங்களைத் திரையிடும் திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். 1940களிலும் 50களிலும் வந்த ஹாலிவுட் குற்றப் படங்களை நல்ல பிரதி தேடிப் பிடித்துப் பெரிய திரையில் காட்ட நீங்கள் படும் பாட்டை அறிவேன். அவற்றை மிகவும் நேசிக்கும் ஒருத்தியாகவே இதை எழுதுகிறேன். ஒளியையும் நிழலையும் பற்றி அவ்வளவு நுணுக்கமாகப் பேசும் அறிமுக உரைகள், தன்பாலீர்ப்பாளரும் பெண்களும் அப்படங்களில் காட்டப்படும் விதத்தை மட்டும் ‘அந்தக் காலம் அப்படி’ என்று கடந்துவிடுவது வருத்தமளிக்கிறது.

அந்தக் காலம் தானாக அப்படி அமைந்துவிடவில்லை. படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று ஹாலிவுட் திரைத்துறை தனக்கே விதித்துக்கொண்டு, 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்த தயாரிப்பு நெறிமுறை, தன்பாலீர்ப்பைப் பாலியல் பிறழ்வென்று கொண்டு, அதைக் குறிப்பால் உணர்த்துவதைக்கூடத் தடுத்தது. 1961இல்தான் அந்த விதி தளர்ந்தது. டேஷியல் ஹாமெட்டின் நாவலில், துப்பறிவாளரைத் தேடி வரும் ஜோயல் கெய்ரோ தன்பாலீர்ப்பாளர் என்று துப்பறிவாளரின் உதவியாளர் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது, அதைத் தழுவி 1941இல் வந்த ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ படத்தில் கெய்ரோவின் விசிட்டிங் கார்டில் வீசும் கார்டீனியா பூவின் மணமாக மாறியது. அவர் யாரென்று சொல்லத்தான் தடை இருந்தது. அவரைக் கேலிப் பொருளாக்கவும், நாயகன் கையால் அறைபட வைக்கவும் எந்தத் தடையும் இருக்கவில்லை.

பெண்களின் நிலையை அறிய ஃபிரிட்ஸ் லாங்கின் ‘தி பிக் ஹீட்’ (1953) ஒன்றே போதும். நேர்மையான காவலர் ஒருவர் ஊழலை எதிர்த்து வெல்லும் அக்கதையில் நான்கு பெண்கள் உயிரிழக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியான, குற்றக் கும்பல்காரன் ஒருவனின் காதலி டெபியின் முகத்தில் கொதிக்கும் காப்பியும் ஊற்றப்படுகிறது. லாங் இதை அறியாமல் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. நாயகனின் அறச்சீற்றத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வி படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை அரங்கில் எழுப்பாமல் விடுவது அந்தக் கலைஞருக்கும் செய்யும் குறைதான்.

காட்சிகளை வெட்டும்படி நான் கேட்கவில்லை. தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வாசகம் போட்டுவிட்டால் கடமை முடிந்துவிடும் என்றும் தயவுசெய்து கருதாதீர்கள். 1979இல் நியூயார்க்கில், தன்பாலீர்ப்பாளர்கள் தொடர்ந்து கொல்லப்படுவதைப் பற்றிய ‘குரூசிங்’ என்ற குற்றப் படத்தின் படப்பிடிப்பைத் தன்பாலீர்ப்பாளர்கள் தெருவில் இறங்கி எதிர்த்தபின், மறு ஆண்டு வெளியான அப்படம், அவர்களின் உலகத்தைக் குற்றஞ்சாட்டுவது தன் நோக்கமன்று என்ற அறிவிப்போடுதான் தொடங்கியது; அதன்பின் திரையில் வந்த கொலைகளை அந்த வாசகம் மாற்றிவிடவில்லை.

அடுத்த தொடர் திரையிடலிலேனும் இந்த நெறிமுறையின் வரலாற்றை அறிமுக உரையில் சேருங்கள். அந்த உரையை ஆற்றப் பெண் விமர்சகர்களையும் தன்பாலீர்ப்பாளரான விமர்சகர்களையும் அழையுங்கள். படம் முடிந்தபின் அவர்களோடு பார்வையாளர்கள் உரையாட அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருத்தி