சூடானின் அண்டாக்களுக்கு நேராகப் பணம் அனுப்புங்கள்

ஐ.நா. மனிதாபிமான அலுவலகத்துக்கும் சூடானுக்கு நிதி கொடுக்கும் அரசுகளுக்கும்,

வணக்கம்.

சூடானின் டார்ஃபூர் பகுதியில் உள்ள எல் ஃபஷேர் நகரத்து மக்கள் முற்றுகையின் கடைசி மாதங்களில் அம்பாஸ் தின்று உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அம்பாஸ் என்றால் கடலைப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் சக்கை. நம் ஊரில் மாட்டுக்கு ஊறவைத்து வைப்போமே, அதுதான். அதைக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அப்புறம் அதுவும் கிடைக்காமல் போனது. 2024 மே மாதம் தொடங்கிய முற்றுகை, 2025 அக்டோபர் 26 அன்று சூடான் ராணுவத்தோடு போரிடும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படை நகரத்தைப் பிடித்ததில் போய் முடிந்தது. அதன் பின் நடந்த கொலைகளை நீங்கள் அறிவீர்கள்.

முற்றுகைக்குள் அடுப்பு மூட்டியவர்களைப் பற்றித்தான் எழுத வந்தேன். 2018-19இல் அன்றைய அதிபர் அல் பஷீரின் ஆட்சிக்கு எதிராகத் தெருவில் இறங்கிய இளைஞர்கள் பேட்டைக்குப் பேட்டை குழுக்கள் வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப்.புக்கும் இடையே போர் வெடித்து, வெளிநாட்டு ஊழியர்கள் வெளியேறியபோது, அந்தக் குழுக்களின் வழியில் ‘அவசர உதவி அறைகள்’ என்ற தன்னார்வக் குழுக்கள் முளைத்தன. தக்காயா என்று அவர்கள் சொல்லும் பொதுச் சமையற்கூடங்களை நடத்துகிறவர்கள் இவர்கள்தான். பழைய பஞ்சக் காலத்துக் கஞ்சித் தொட்டி நினைவுக்கு வருகிறது. பருப்போ அவரையோ ஒரு பெரிய அண்டாவில் வேகும், கையில் பாத்திரத்தோடு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். வங்கிக் கிளைகள் மூடிக் கிடந்த ஊர்களில் ‘பன்கக்’ என்ற கைபேசிச் செயலி வழியாகப் பணம் வாங்கி, அன்றைய விலைக்கு மூட்டை எடுத்து, அன்றே சமைக்கிறார்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் இப்படிப்பட்ட 1,100க்கும் மேற்பட்ட சமையற்கூடங்களின் அடுப்புகள் அணைந்தன.

நான் ஒரு சர்வதேசத் தொண்டு நிறுவனத்தில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள். போர் நடந்த இன்னொரு நாட்டிலிருந்து வரும் ரசீதுகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஒருமுறை பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாளில் ஒரு பில் வந்தது: பருப்பு நாலு மூட்டை, விறகு, உப்பு. கீழே கடைக்காரரின் பெருவிரல் ரேகை. மூன்று கடைகளின் கொட்டேஷன் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். ஊரில் திறந்திருப்பதே இந்த ஒரு கடைதான் என்று பதில் வந்தது. விதிவிலக்குக்கு ஒப்புதல் வாங்கிப் பணம் போய்ச் சேர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் அங்கே உலை கொதித்ததா என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. இன்றும் அந்தத் தாள் கண்ணை விட்டுப் போகவில்லை.

பணம் ஆயுதக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் பெரிய வண்டித் தொடர் மட்டும் பத்திரமாகவா போகிறது? 2025 ஜூனில் எல் ஃபஷேருக்குப் போன உங்கள் 15 லாரிகள் அல் கோமாவில் தாக்கப்பட்டு ஐந்து பேர் இறந்தார்கள். நூறு தெருக்களுக்குப் பிரித்து அனுப்பும் சிறு தொகையை ஒரே வழிமறிப்பில் பறிக்க முடியாது. சமைக்கிறவர் யார், மூட்டை எங்கே போனது என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

2016இல் இஸ்தான்புல்லில் கையெழுத்துப் போட்டீர்கள்: 2020க்குள் நிதியில் 25 சதவீதம் உள்ளூர் அமைப்புகளுக்கு, முடிந்தவரை நேராக. அந்த வருடமும் கடந்து போனது, சொன்னது நடக்கவில்லை. இருக்கிற நிதியே குறைவு என்பீர்கள். சரி, 2025க்குக் கேட்ட 420 கோடி டாலரில் பாதிகூட வரவில்லை என்பது எனக்கும் தெரியும். குறைவாக இருப்பதால்தான் இடையில் நாலு அலுவலகம் தாண்டி அது போகக் கூடாது என்கிறேன்.

2025இல் இந்த அவசர உதவி அறைகளுக்கு, ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தபோது எல்லோரும் பாராட்டினீர்கள். போரிடும் இரு தரப்பும் இவர்களைப் பிடித்து வைத்திருக்கின்றன, கொன்றிருக்கின்றன. அதைக் கண்டிக்கும்போது பெயர் சொல்லிக் கண்டியுங்கள். மூன்று மாதத்துக்கான பணத்தை முன்கூட்டியே கொடுங்கள். மூட்டையின் புகைப்படத்தையும் கையெழுத்து பில்லையும் கணக்காக ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரே கடை உள்ள ஊரில் மூன்று கொட்டேஷன் கேட்கும் விதியை இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பில்லைத் திருப்பி அனுப்பிய கணக்காளர்