கடைசி வரிசைக்கு வந்த விருந்தினர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் மாதந்தோறும் வரும் அரங்கேற்றச் செய்திகளை விடாமல் படிப்பவள் நான். இங்கிலாந்தில் வளரும் நம் பிள்ளைகள் பாடுவதையும் ஆடுவதையும் நாலு பேர் அறியச் செய்கிறீர்கள். அதே பக்கங்களில் இன்னொரு வகை மேடைக்கும் இடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் லண்டனில் எங்கள் பகுதி இளையோர் ஆர்கெஸ்ட்ராவின் கச்சேரி நடந்தது. 11 வயதிலிருந்து 18 வயது வரை ஏறக்குறைய 70 பிள்ளைகள். என் மகள் இரண்டாம் வயலின் பிரிவில் கடைசி வரிசை. அன்று விருந்தினராக ஒரு வயலின் கலைஞர் வந்திருந்தார். முதல் பாதியில் அவர் மாக்ஸ் புரூக் என்ற ஜெர்மானிய இசையமைப்பாளரின் முதல் வயலின் கான்செர்ட்டோவை, அதாவது ஆர்கெஸ்ட்ராவோடு ஒருவர் தனித்து வாசிக்கும் இசைப்படைப்பை, வாசித்தார். அருமையான வாசிப்பு. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் இடைவேளையில் கால்வாசிப் பேர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நம்மவர்களும் அதில் இருந்தார்கள். "மெயின் ஐட்டம் முடிஞ்சிருச்சு, இனி பசங்கதானே" என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது.

அவர் இன்னும் பத்து நிமிடம் இருந்திருக்கலாம். இரண்டாம் பாதிக்குப் பிள்ளைகள் மேடையேறியபோது அவர்களோடு அந்த விருந்தினரும் வயலினோடு வந்தார். முன்வரிசைக்குப் போகவில்லை. நேராகப் பின்னால் நடந்து, என் மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு வயலின்காரர்களுக்கு ஒரு ஸ்டாண்டு, ஒரே நோட்டு. உள்பக்கம் இருப்பவர்தான் பக்கம் புரட்ட வேண்டும், வெளிப்பக்கம் இருப்பவர் வாசிப்பை நிறுத்தக் கூடாது. விருந்தினர் உள்பக்க நாற்காலியில் உட்கார்ந்தார். 15 வயதுப் பெண்ணுக்குக் கடைசிவரை பக்கம் புரட்டிக் கொடுத்தார். தொடங்குவதற்கு முன் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று வீட்டுக்கு வந்ததும் விசாரித்தேன். "இந்த இடத்துல வில்லை மேல தள்றீங்களா, கீழ இழுக்கிறீங்களா?" என்று கேட்டாராம். அந்தப் பிரிவில் எல்லா வில்லும் ஒரே திசையில் போக வேண்டும், அதைப் பென்சிலால் குறித்துவைத்துப் பழகியவர்கள் பிள்ளைகள். அதனால் அவர் கேட்டார், இவள் சொன்னாள்.

அன்று வாசித்தது செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, நாலு பகுதிகள் கொண்ட படைப்பு. 1893இல் நியூயார்க்கில் அரங்கேறிய, 'புதிய உலகம்' என்று எல்லோரும் அழைக்கும் சிம்பொனி. சுமார் 40 நிமிடம். அதன் நாலாவது பகுதியில் சிம்பல் என்ற பெரிய ஜால்ராவுக்கு ஒரே ஒரு அடி. முழு சிம்பொனியிலும் அவ்வளவுதான். ஓங்கி அறைகிற அடியும் இல்லை, கவனிக்காவிட்டால் காதுக்குத் தப்பிவிடும். அன்று அதை வாசித்த பையனின் அம்மா எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். அவரும் தமிழ்தான். "என் பையன் நாலாவது பகுதியில ஒரு தரம் அடிப்பான் அக்கா, அதுக்குத்தான் லீவு போட்டுட்டு வந்தேன்" என்றார். அந்த இடம் நெருங்க நெருங்க அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பையன் எழுந்தான், எண்ணினான், சரியாக விழுந்தது. டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பவர் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டாம் பகுதியில் மட்டும் 14 ஸ்வரம், மற்ற நேரமெல்லாம் மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பு நம் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. அந்தப் பையன் ஆறு வருடமாக மிருதங்கம் படிக்கிறான். எடுப்பு தவறாமல் தாளத்தை உள்ளுக்குள் ஓட்டிக்கொண்டே இருக்கக் கற்றவனுக்கு நூறு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு) ஓய்வை எண்ணுவது கைவந்த வேலை. இங்கே மிருதங்க வகுப்பில் கற்றது அங்கே உதவுகிறது என்பதைப் பெற்றோர் பலர் கவனிப்பதே இல்லை.

அரங்கேற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் மூத்த மகளுக்கு நாங்களும் செய்தோம். சென்னையிலிருந்து பக்கவாத்தியக் கலைஞர்களை வரவழைத்து, மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து, எல்லாம் செய்தோம். அங்கே விருந்தினர்கள் ஒரு பிள்ளைக்காகப் பக்கத்தில் உட்காருகிறார்கள். பிள்ளை நடுவில் இருக்கும். ஆர்கெஸ்ட்ராவில் பிள்ளை எழுபதில் ஒன்று, முகம்கூடச் சரியாகத் தெரியாது. பக்கத்து வில்லைப் பார்த்துத் தன் வில்லை நிறுத்தவும், தன் சத்தம் தனியாகக் கேட்காதபடி வாசிக்கவும் அங்கேதான் கற்கிறது. என் பெண்கள் இருவரையும் பார்த்தபின் சொல்கிறேன், இரண்டும் வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி. எங்கள் பகுதியில் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகையும் அதே நேரம்தான். வாத்தியத்துக்கான கிரேடு தேர்வுக்குத் தனி வகுப்பு போதும் என்று பலர் ஒத்திகையை விட்டுவிடுகிறார்கள். அதையும் தாண்டி நிற்கும் பிள்ளைகளை பதினாறு வயதில் பள்ளியில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வு வருடம் வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் குழுவிலேயே போன செப்டம்பரில் மூன்று தமிழ்ப் பிள்ளைகள் நின்றுபோனார்கள். மூவரும் நன்றாக வாசிக்கக்கூடியவர்கள். வாரம் மூன்று மணி நேரம் மிச்சப்பட்டதில் எத்தனை மதிப்பெண் கூடியதோ தெரியாது, ஆனால் அவர்களில் ஒரு பிள்ளை மட்டும் இன்றைக்கும் என் மகளிடம் ஒத்திகை எப்படிப் போனது என்று வாராவாரம் கேட்கிறது.

ஜால்ராப் பையனின் அம்மாவுக்கு அன்று நான் ஒரு செய்தி சொன்னேன். பிரிட்டனின் தேசிய இளையோர் ஆர்கெஸ்ட்ரா 1948இல் ரூத் ரெயில்டன் என்ற பெண்மணி தொடங்கியது. பின்னாளில் பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் தலைமை நடத்துநரான சைமன் ராட்டில், சிறுவயதில் அதில் தாள வாத்தியம் வாசித்தவர். அவரும் பின்வரிசையில் நின்று பார் எண்ணிய பிள்ளைதான்.

நம் வாத்தியங்களுக்கே ஒரு இளையோர் ஆர்கெஸ்ட்ரா இந்த நாட்டில் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? லிவர்பூலின் மிலாப்ஃபெஸ்ட் அமைப்பு 2002இல் தொடங்கிய சம்யோ அது. கர்நாடக இசை படிக்கும் பிள்ளையும் இந்துஸ்தானி படிக்கும் பிள்ளையும் அதில் சேர்ந்து வாசிக்கிறார்கள். வீணையை வீட்டில் தனியாக வாசித்துப் பழகிய பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் உங்களிடம் என் வேண்டுகோள் இது. இளையோர் ஆர்கெஸ்ட்ராக் கச்சேரிகளுக்கும் உங்கள் நிருபரை அனுப்புங்கள். விருந்தினர் படத்தைப் பெரிதாகப் போடுவதில் தவறில்லை, ஆனால் அதோடு குழுவின் படத்தையும் பின்வரிசை முகங்கள் தெரியும்படி போடுங்கள். என்ன வாசித்தார்கள், எத்தனை வாரம் பழகினார்கள் என்று நாலு வரி எழுதுங்கள். முக்கியமாக, நிருபரை இடைவேளைக்குப் பிறகும் இருக்கச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பள்ளி நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்கெஸ்ட்ராவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலோ வாரநாள் மாலையிலோ ஒரு வகுப்பு வைக்க முடியுமா என்று பாருங்கள். எங்கள் பகுதியிலேயே ஐந்தாறு பிள்ளைகள் வருவார்கள். இடம் கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டு முன்னறையில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் அடுத்த கச்சேரி கோடை விடுமுறைக்கு முன் நடக்கும். விருந்தினர் யார் என்று இன்னும் சொல்லவில்லை. ஜால்ராப் பையனுக்கு இந்த முறை டிம்பனி என்ற பெரிய முரசு கொடுத்திருக்கிறார்கள். அவன் அம்மா இப்போதே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
லண்டன்