வீட்டுக்கு வரும் முடிச்சுகளை வெட்டிவிட வேண்டாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒன்றரை மீட்டர் கயிறு கேட்டிருந்தோம். 'கணக்குப் பாடத்துக்குக் கயிறா?' என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

கயிற்றில் முடிச்சுப் போட்டு, இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டால் முடிச்சு உள்ளே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு நெளித்தாலும் அவிழாது, வெட்டினால்தான் உண்டு. கணிதத்தில் முடிச்சு என்றால் இதுதான். கயிறு தன்னைத் தானே எத்தனை இடத்தில் கடக்கிறது என்று எண்ணி வகை பிரிப்பார்கள். மிக எளியதற்கு மூன்று. கண்ணாடிப் பிம்பங்களையும், சிறு முடிச்சுகளை இணைத்துச் செய்தவற்றையும் சேர்க்காமலே ஐந்து கடவுகளில் இரண்டு வகை, ஏழில் ஏழு வகை.

சில வைரஸ்களின் கூட்டுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும் டி.என்.ஏ.விலும் இப்படி முடிச்சு விழும். எந்த முடிச்சு என்று அறிய அதை அகரோஸ் ஜெல் என்ற, நுண்ணிய இழைகள் வலைபோலப் பின்னிய கூழில் வைத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். எதிர்மின்சுமை கொண்ட டி.என்.ஏ. நேர்மின்முனையை நோக்கி ஊர்ந்து போகும். ஒரே நீளமுள்ள டி.என்.ஏ. வளையங்களில் எது முதலில் போகும்? முடிச்சு இல்லாததுதான் என்று நான் அடித்துச் சொன்னேன், அறிவியல் ஆசிரியை சிரித்துவிட்டார். மெல்லிய மின்புலத்தில் சிக்கலான முடிச்சே முந்தும். அது சுருண்டு கச்சிதமாக இருப்பதால் தடை குறைவு. கடவுகள் கூடக் கூட வேகமும் சீராகக் கூடுவதை 1996-இல் ஓர் ஆய்வு காட்டியது.

புலம் கொஞ்சம் வலுத்தால் கதை மாறுகிறது. ஜெல்லில் அறுந்து தொங்கும் இழை முனைகள் வளையத்துக்குள் நுழைந்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது முடிச்சின் சிக்கலோடு வேகம் சீராக ஏறுவதில்லை. மணிகளைக் கோத்த சங்கிலியாக டி.என்.ஏ.வையும், தொங்கும் முனைகள் உள்ள வலையாக ஜெல்லையும் கணினியில் அமைத்து 2015-இல் இதை விளக்கினார்கள்.

அதன் மிக எளிய வடிவத்தைத்தான் அடுத்த இரண்டு சனிக்கிழமைகளில் கணினி அறையில் பிள்ளைகள் செய்யப்போகிறார்கள். அதற்கு முன் கையால் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே கயிறு. மின்சாரம், ரசாயனம் எதுவும் இல்லை. மதிப்பெண்ணும் இல்லை; அதைக் கேட்டு யாரும் வருத்தப்பட வேண்டாம்.

வீட்டில் அந்த வளையத்தைப் பார்த்தால் கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். கடவுகளை எண்ணி முடிக்கும்வரை அது அப்படியே இருக்கட்டும். அப்புறம், வழுக்கும் நைலான் கயிறு வேண்டாம், பருத்திக் கயிறே போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்